ஸ்கேல் பயிற்சியும் பிக்கிங் வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டாரில் கார்டு பிடிக்கத் தெரியும், ஒன்றிரண்டு ஸ்கேல்கள் மனப்பாடம், ஆனால் வேகம் கூட்டினால் வலது கை தடுமாறுகிறது என்பவர்களுக்காக எழுதியது. ஆறாவது தந்தி என்றால் தடித்தது, முதல் தந்தி என்றால் மெல்லியது. சுருதி வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ. வேகத்தைக் குறிப்பிடும் இடங்களில் மெட்ரோனோமின் (சீரான துடிப்பைத் தட்டும் கருவி) ஒரு துடிப்புக்கு நான்கு ஸ்வரம் என்று கொள்க. ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்பதே பி.பி.எம்.

ஸ்கேலைத் தினமும் ஏற்றி இறக்கி வாசித்தால் வேகம் தானாக வந்துவிடாதா?

ஓரளவு வரை வரும். பெரும்பாலானவர்களுக்கு 90, 100 பி.பி.எம். பக்கம் நின்றுவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்தாலும் முள் நகராது. உழைப்புக் குறைவு என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து வாசிப்பார்கள். அதிலும் மாற்றம் இருக்காது.

காரணம் எளிது. ஒரே தந்தியில் அடுத்தடுத்து ஸ்வரம் வாசிப்பது அவ்வளவு கடினமான காரியம் அல்ல. ஒரு தந்தியை விட்டு அடுத்த தந்திக்குப் பிக் (தந்தியை அடிக்கும் சிறு தகடு) போகும் இடத்தில்தான் வேகம் உடைகிறது. ஆறு தந்திகளில் ஓடும் ஸ்கேலில் ஏறும்போது ஐந்து முறை, இறங்கும்போது ஐந்து முறை இந்தத் தாவல் வருகிறது. ஸ்கேல் முழுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பவர் கடினமான அந்தப் பத்து இடங்களை எளிதான மற்ற இடங்களோடு கலந்து, அவை தனியாகக் கண்ணில் படாதபடி மறைத்துவிடுகிறார். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிவரும்.

எவ்வளவு வாசித்தால் 'வேகம்' என்று சொல்லலாம்?

பி.பி.எம். எண்ணை நான்கால் பெருக்கி அறுபதால் வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை ஸ்வரம் என்பது கிடைக்கும். 60-இல் நொடிக்கு நான்கு ஸ்வரம், 120-இல் எட்டு, 150-இல் பத்து, 180-இல் பன்னிரண்டு. ராக் இசையில் கேட்பவர் 'வேகமாக வாசிக்கிறார்' என்று நிமிர்ந்து உட்காருவது ஏறத்தாழ எட்டில் தொடங்கும். பத்தைத் தெளிவாக எட்டினால் பெரும்பாலான சோலோக்களுக்கு அது போதும். பன்னிரண்டுக்கு மேல் போவது தனி ஆர்வம். அதில் தவறில்லை, அவசியமும் இல்லை.

மெட்ரோனோம் எண்ணை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவரிடம் ஒரு துடிப்புக்கு எத்தனை ஸ்வரம் என்று கேளுங்கள். இரண்டு என்றால் அந்த 200, நம் கணக்கில் வெறும் 100.

எனக்கு எங்கே தடைபடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று சோதனைகள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதலில் இடது கையை முழுவதும் எடுத்துவிடுங்கள். மூன்றாவது தந்தியைத் திறந்த நிலையில், மேலும் கீழும் மாறி மாறி, நான்கைந்து நொடி உங்களால் முடிந்த உச்ச வேகத்தில் அடியுங்கள். அழகு பார்க்க வேண்டாம். அந்த வேகம் எந்த பி.பி.எம்.-க்குப் பொருந்துகிறது என்று மெட்ரோனோமை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இதுதான் உங்கள் வலது கையின் கூரை.

அடுத்து, அதே தந்தியில் இடது கையைச் சேர்த்து 5, 7, 8, 7 என்ற ஃபிரெட்களைச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். கூரையை விட வெகுவாகக் குறைந்தால் கைகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

மூன்றாவதாக, இரண்டு தந்திகளில் ஓடும் ஆறு ஸ்வரங்கள்: இரண்டாவது தந்தியில் 7, 9, 10, முதல் தந்தியில் 7, 9, 10. இங்கே சரிவு வந்தால் சிக்கல் தந்தி மாற்றத்தில்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் முதல் சோதனையில் 150-ஐச் சர்வசாதாரணமாகத் தொடுவார்கள். தங்கள் கை மெதுவான கை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மூன்றாவது சோதனைக்கு வந்ததும் 95-இல் எல்லாம் சிதறும். ஆக, கையில் வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அது தந்தி விட்டுத் தந்தி போகும்போது கசிந்துவிடுகிறது. முதல் சோதனையே 100-ஐத் தாண்டவில்லை என்றால் மட்டும் பிக் பிடி, மணிக்கட்டு அசைவு ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தந்தி மாறுவதில் அப்படி என்ன சிரமம்?

நான்காவது தந்தியை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்கின் நுனி தந்திகளின் மட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே நான்காவது தந்தியைக் கீழும் மேலுமாக அடிப்பது எளிது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். அடுத்த தந்திக்குப் போக வேண்டுமென்றால் நுனி அந்த மட்டத்தை விட்டு வெளியே வந்து, நடுவே நிற்கும் தந்தியைத் தாண்டி, மறுபடியும் உள்ளே இறங்க வேண்டும். நொடிக்கு எட்டு ஸ்வரம் என்றால் இதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு.

வேகமாக வாசிப்பவர்கள் இதற்காகத் தனியாக ஒரு தாவல் தாவுவதில்லை. அவர்களுடைய பிக்கின் பாதை தந்திகளின் மட்டத்துக்கு இணையாக இல்லாமல் சற்றே சாய்ந்திருக்கும். சாய்வு ஒரு பக்கம் என்றால் அப் ஸ்ட்ரோக் (மேல்நோக்கிய அடி) முடியும்போது பிக் தானாகவே காற்றில் மேலெழுந்து நிற்கும். டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய அடி) முடியும்போது தந்திகளுக்கு நடுவே புதைந்து நிற்கும். சாய்வை மாற்றினால் இது தலைகீழ். எந்த ஸ்ட்ரோக்கில் பிக் வெளியே வருகிறதோ, அந்த ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தந்தி மாறுவது இலவசம். புதைந்து நிற்கும் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மாற வேண்டியிருந்தால்தான் கை திணறுகிறது.

ட்ராய் கிரேடி என்ற அமெரிக்க கிட்டார் கலைஞர் புகழ்பெற்ற வாசிப்பாளர்களின் வலது கையை மிக அருகிலிருந்து படம்பிடித்து, வேகத்தைக் குறைத்துக் காட்டி இதைப் பரவலாக்கினார். இங்வே மால்ம்ஸ்டீனும் எரிக் ஜான்சனும் அப் ஸ்ட்ரோக்கில் வெளியே வருகிறவர்கள். தந்தி மாற்றம் அப் ஸ்ட்ரோக்குக்குப் பிறகே விழும்படி தங்கள் ஓட்டங்களை அமைத்துக்கொள்கிறார்கள். அல் டி மியோலாவும் ஜான் மெக்லாஃப்லினும் எதிர்ப் பக்கம். இரண்டு பக்கமும் வெளியே வரும்படி வளைந்த பாதையில் மணிக்கட்டை ஓட்டுகிறவர்களும் உண்டு. இவற்றில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் கை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

விரல் பயிற்சியில் (1-2-3-4) நல்ல வேகம் இருக்கிறது. ஸ்கேலுக்கு வந்தால் காணாமல் போகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. 1-2-3-4 பயிற்சியில் ஒரு தந்திக்கு நான்கு ஸ்வரம்: டவுன், அப், டவுன், அப். டவுனில் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் அப் ஸ்ட்ரோக்குக்குப் பிறகே தந்தி மாறும். ஒரு தந்திக்கு இரண்டு ஸ்வரம் உள்ள பென்டடானிக் ஸ்கேலிலும் அதேதான். மேஜர் ஸ்கேலை ஒரு தந்திக்கு மூன்று ஸ்வரமாக வாசித்தால் கதை மாறுகிறது. ஆறாவது தந்தியில் டவுன்-அப்-டவுன், ஐந்தாவதில் அப்-டவுன்-அப், நான்காவதில் மறுபடி டவுன்-அப்-டவுன். தந்தி மாற்றம் ஒருமுறை டவுனுக்குப் பிறகு, ஒருமுறை அப்புக்குப் பிறகு. ஒன்று உங்களுக்கு எளிது; மற்றது இல்லை. ஆகவே ஒன்றுவிட்டு ஒரு தந்தியில் இடறுகிறது.

உங்கள் கை எந்தப் பக்கம் என்பதையும் இதே பயிற்சி காட்டிக்கொடுக்கும். 1-2-3-4-ஐ வழக்கம்போல டவுனில் தொடங்கி வாசியுங்கள். பிறகு அதையே அப் ஸ்ட்ரோக்கில் தொடங்கி வாசியுங்கள். இரண்டாவது முறை எல்லா மாற்றங்களும் டவுனுக்குப் பிறகு விழும். எது இலகுவாக ஓடுகிறதோ அதுவே உங்கள் இயல்பான வெளியேற்றம். பல ஆண்டுகளாக டவுனில் மட்டுமே தொடங்கிப் பழகியவர்களில் சிலருக்கு அப்பில் தொடங்கியதும் திடீரென்று கை பறக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

எந்த ஸ்கேலிலிருந்து தொடங்கலாம்?

ஏ மைனர் பென்டடானிக், ஐந்தாவது ஃபிரெட்டில். ஆறாவது தந்தியில் 5, 8. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது தந்திகளில் 5, 7. இரண்டாவது, முதல் தந்திகளில் 5, 8. மொத்தம் பன்னிரண்டு ஸ்வரம்தான். எல்லா மாற்றமும் ஒரே வகை என்பதால் கை ஒரே ஒரு பாடத்தைக் கற்கிறது.

அது சீராக ஓடிய பிறகு ஏ மேஜர், ஒரு தந்திக்கு மூன்று ஸ்வரம். ஆறாவது, ஐந்தாவது தந்திகளில் 5-7-9. நான்காவது, மூன்றாவது தந்திகளில் 6-7-9. இரண்டாவது, முதல் தந்திகளில் 7-9-10. ஜி மேஜரை மூன்றாவது ஃபிரெட்டில் தொடங்கலாம் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே ஃபிரெட் இடைவெளி அகலம். சிறிய கை உள்ளவர்களுக்கு விரல் இழுபடுவதே பெரிய வேலையாகி, வலது கையைக் கவனிக்க முடியாமல் போகும்.

பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்க வேண்டுமா என்றால், வேகத்துக்காக வேண்டாம். ஒரே வடிவம் தான் கழுத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. வலது கைக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. கழுத்தை அறிந்துகொள்ள அது தனியாகத் தேவை. அந்த வேலைக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

60-இல் தொடங்கி இரண்டிரண்டு பி.பி.எம்.-ஆக ஏற்றும் முறை சரியா?

இடது கைக்குப் பாதையை மனப்பாடம் ஆக்கவும், இரண்டு கைகளும் ஒரே கணத்தில் விழப் பழகவும் அந்த முறை நல்லது. வேகமான அசைவைக் கற்க அது போதாது என்பது என் கருத்து. கிட்டார் ஆசிரியர்களில் கணிசமானவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் வாதம், மெதுவாகச் சுத்தமாக வாசித்தால் வேகம் பின்னாலேயே வரும் என்பது.

சிக்கல் இதுதான். 60-இல் நேரம் தாராளம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிக்கைத் தூக்கி, இறக்கி, அடித்து, மறுபடி தூக்கலாம். கேட்கவும் சுத்தமாகத்தான் இருக்கும். அந்தத் தூக்கி இறக்கும் அசைவை 120-இல் செய்ய முடியாது. முன்கை எரியும், தோள் இறுகும். நடையை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அது ஓட்டம் ஆகாது. ஓட்டத்தில் கால் விழும் விதமே வேறு. மெதுவாக வாசித்துக்கொண்டே இருப்பவர் தவறான அசைவைப் பொறுமையாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கலாம். மெதுவான வேகத்தில் அது தவறு என்று தெரியவே தெரியாது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மிகச் சிறிய துண்டை வேகமாக, கொஞ்சம் அழுக்காகவே வாசித்து, இலகுவான அசைவு எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அதே அசைவைக் கெடுக்காமல் மெதுவாக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

அந்தச் சிறிய துண்டு என்றால் என்ன?

நான்கு ஸ்வரம், ஒரு தந்தி மாற்றம். அவ்வளவுதான்.

மேலே சொன்ன ஏ மேஜரின் கடைசி இரண்டு தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தந்தியில் 7, 9, 10. முதல் தந்தியில் 7, அங்கே நிறுத்தம். டவுன்-அப்-டவுன், அடுத்த தந்தியில் அப். மெட்ரோனோமை 100-இல் வையுங்கள். ஒரு துடிப்பில் முதல் மூன்று ஸ்வரம் போதிய வேகத்தில் ஓடி, நான்காவது ஸ்வரம் அடுத்த துடிப்பின் மேல் சரியாக இறங்க வேண்டும். இறங்கியதும் கையைத் தளர்த்தி இரண்டு துடிப்பு சும்மா இருங்கள். பிறகு மறுபடி. இப்படித் துடிப்புக்கு மூன்று ஸ்வரமாக ஓடுவது பழகியதும் மெட்ரோனோமை 120, 140 என்று பெரிய தாவலாக ஏற்றிப் பாருங்கள். நான்கே ஸ்வரம் என்பதால் களைப்பு வருவதற்கு முன் முடிந்துவிடும்.

அடுத்து அதையே அப் ஸ்ட்ரோக்கில் தொடங்குங்கள்: அப்-டவுன்-அப், அடுத்த தந்தியில் டவுன். இரண்டில் ஒன்று நிச்சயம் மோசமாக இருக்கும். அந்த மோசமானதில்தான் உங்கள் ஸ்கேல் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தது.

கைபேசியில் மெதுவோட்ட வீடியோ எடுக்கும் வசதி இருந்தால் இங்கே பயன்படுத்துங்கள். நொடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்) பதிவாகும் என்றால், நொடிக்கு எட்டு ஸ்வரம் வாசிக்கும்போது ஒரு ஸ்வரத்துக்கு முப்பது சட்டங்கள் கிடைக்கும். கிட்டாரின் தலைப்பகுதியிலிருந்து, தந்திகள் உடலில் முடியும் பாலத்தை (பிரிட்ஜ்) நோக்கிக் கேமராவை வைத்தால் பிக் எந்த ஸ்ட்ரோக்கில் வெளியே வருகிறது, எதில் புதைகிறது என்பது தெளிவாகத் தெரியும். கண்ணாடி முன் உட்காருவதை விட இது பல மடங்கு பயன்.

துண்டு பிடிபட்டதும் முன்னால் மூன்று ஸ்வரம் சேர்த்து ஏழாக்குங்கள். பிறகு பத்து. முழு ஸ்கேல் பதினெட்டு ஸ்வரம். அங்கே போய்ச் சேர அவசரம் வேண்டாம்.

சரளி வரிசை கற்றவன் நான். கர்நாடக முறை இதற்கு உதவுமா?

நன்றாக உதவும், அதுவும் எதிர்பாராத இடத்தில். சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடியிருப்பீர்கள். தாளம் மாறாது; முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இரண்டிரண்டாக ஏற்றும் மெட்ரோனோம் முறைக்கு இது நேர் எதிர். ஒரே அமர்வில் மெதுவும் வேகமும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. கை இரண்டு அசைவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மெட்ரோனோமை 80-இல் நிறுத்திவிட்டு ஒரு ஸ்கேல் துண்டை மூன்று காலமும் வாசித்துப் பாருங்கள். மூன்றாம் காலத்துக்குப் போகும்போது பிக் அசைவு தானாகச் சுருங்குவதை உணர்வீர்கள். அந்தச் சுருங்கிய அசைவிலேயே முதல் காலத்தைத் திரும்ப வாசிப்பதுதான் பயிற்சி.

சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையை ஒரே தந்தியில் வாசிக்கலாம். திறந்த தந்தி ஸ. பிறகு 1, 4, 5, 7, 8, 11, மேல் ஸ 12-ஆவது ஃபிரெட்டில். தந்தி மாற்றமே இல்லாததால் இடது-வலது ஒத்திசைவுக்கு மட்டுமான பயிற்சியாக இது அமையும். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் தாவினால் கமகம் வராது என்பது உண்மை. இங்கே நாம் ராகம் வாசிக்கவில்லை.

சொற்கட்டும் பயன்படும். மூன்று ஸ்வரம் உள்ள தந்திகளைத் 'தகிட' என்று வாய்விட்டுச் சொல்லி வாசித்துவிட்டு, அதே ஸ்கேலைத் 'தகதிமி' என்று நான்காகப் பிரித்து முதல் எழுத்தில் அழுத்தம் கொடுத்து வாசியுங்கள். அழுத்தம் தந்திக்குத் தந்தி வேறு வேறு விரலில் விழும், சில தந்தியில் விழாமலும் போகும். விரல் கணக்கை நம்பி வாசித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். 1970-களில் விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன், எல். சங்கர் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், கொன்னக்கோலை (சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கலை) முறையாகக் கற்று, மற்றவர்களுக்கும் அதைப் பரிந்துரைத்து வருபவர். பிக்கைக் கொண்டு கர்நாடக இசையின் துரித காலத்தை எவ்வளவு தெளிவாக வாசிக்க முடியும் என்பதற்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் கச்சேரிப் பதிவுகள் இருக்கின்றன. கிட்டார் வாசிப்பவர்கள் அவரைப் போதுமான அளவு கேட்பதில்லை என்பது என் குறை.

பிக் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிமன். 0.46, 0.60 போன்ற மெல்லிய பிக் தாளம் அடிக்க நன்றாக இருக்கும். ஒற்றைத் தந்தியில் அது வளைந்து திரும்ப நேரம் எடுக்கும். டன்லப் ஜாஸ் 3 போன்ற சிறிய, கூர்முனைப் பிக்கைப் பலர் விரும்புவதற்குக் காரணம், நுனி தந்தியில் அதிகம் மாட்டாமல் நழுவுகிறது என்பதே.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நுனி மட்டும் வெளியே தெரியட்டும். பிக்கின் தட்டையான முகம் தந்தியை நேராக அறையாமல், விளிம்பு முதலில் படும்படி லேசாகத் திருப்புங்கள். தந்தியின் எதிர்ப்பு உடனே குறையும். அதிகம் திருப்பினால் சுற்றுக்கம்பி உள்ள தடித்த தந்திகளில் கீறல் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

மணிக்கட்டை அசைப்பதா, முழங்கையையா?

மணிக்கட்டு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். முன்கையைச் சுழற்றி வாசிப்பவர்களும், முழங்கையிலிருந்து வேகமாக வாசிப்பவர்களும் உண்டு. எது என்பதை விட, உச்ச வேகத்தில் நான்கு நொடி அடித்தபின் முன்கை இளகியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். சுண்டுவிரலைக் கிட்டார் உடலில் லேசாக ஊன்றலாம். அழுத்தி ஊன்றினால் கை பூட்டிக்கொள்ளும்.

இடது கையில் என்ன கவனிக்க வேண்டும்?

அழுத்தம். ஒரு ஸ்வரத்தை வாசித்துக்கொண்டே விரலின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். சத்தம் அடைபடும் புள்ளிக்குச் சற்று மேலே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே போதும். பலர் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்துகிறார்கள். விரல் ஃபிரெட் கம்பியை ஒட்டி விழுந்தால் குறைந்த அழுத்தமே தேவைப்படும். எடுத்த விரல் தந்தியிலிருந்து வெகுதூரம் எழக் கூடாது. இடது விரல் பிக்கை விட இம்மியளவு முன்னதாக இறங்க வேண்டும். பிந்தினால் 'டக்' என்று செத்த ஒலி கேட்கும்.

எல்லா ஸ்வரத்தையும் பிக்கால்தான் அடிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இங்கேதான் தந்தி மாற்றச் சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டலாம். உங்களுக்கு அப் ஸ்ட்ரோக்கில் வெளியேறுவது எளிது என்றால், மூன்று ஸ்வரத் தந்தியில் முதல் இரண்டை டவுன், அப் என்று அடித்துவிட்டு, மூன்றாவதை ஹாமர் செய்யுங்கள், அதாவது பிக்கால் அடிக்காமல் இடது விரலைத் தந்தியில் தட்டி ஒலிக்கவையுங்கள். ஒவ்வொரு தந்தியும் டவுனில் தொடங்கி அப்பில் முடியும். டவுனில் வெளியேறுகிறவர் அப், டவுன், ஹாமர் என்று தொடங்கட்டும். கேட்பவருக்கு வேறுபாடு அநேகமாகத் தெரியாது.

எகானமி பிக்கிங் இன்னொரு வழி. டவுன்-அப்-டவுன் முடிந்ததும் பிக்கை வெளியே எடுக்காமல் அதே டவுன் அசைவில் அடுத்த தந்திக்குள் விழவிடுவது. ஆஸ்திரேலியரான ஃப்ராங்க் கேம்பாலே இதை ஒரு முழு வாசிப்பு முறையாகவே வளர்த்தெடுத்தவர். ஏறும்போது சுகமாக இருக்கும். தாளம் வழுக்கிவிடும் ஆபத்து உண்டு, ஏனென்றால் பிக் அடுத்த தந்தியில் முன்கூட்டியே விழத் துடிக்கும். மெட்ரோனோம் இல்லாமல் இதைப் பழகாதீர்கள்.

ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தைப் போல இடது கையாலேயே பெரும்பாலும் வாசிப்பதும் ஒரு பாணிதான். அது வேறு உழைப்பு.

டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டுப் பழகலாமா?

இரண்டும் வேண்டும். டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் சரியாக அடிபடாத ஸ்வரம் அம்பலமாகும். டிஸ்டார்ஷனோடு வாசித்தால், வாசிக்காத தந்திகள் அதிர்ந்து இரைவது அம்பலமாகும். அதை அடக்குவது வலது உள்ளங்கையின் விளிம்பும் இடது ஆள்காட்டி விரலின் நுனியும்.

கிட்டாரில் குறை இருக்குமோ?

இருக்கலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில், ஆறாவது தந்தியின் அடிப்பாகத்துக்கும் ஃபிரெட் கம்பிக்கும் நடுவே அளந்து பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் 1.5 முதல் 2 மி.மீ., அகூஸ்டிக்கில் 2 முதல் 2.8 மி.மீ. இருந்தால் வசதி. விலை மலிந்த அகூஸ்டிக் கிட்டார்கள் இதைவிட உயரமான தந்திகளோடு வருவது சாதாரணம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் புதிய கிட்டார் வாங்க ஓடாதீர்கள்.

கை வலிக்கிறது. தொடரலாமா?

முன்கைத் தசை களைத்துச் சற்று ஓய்ந்ததும் சரியாகிவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் அசைவில் இறுக்கம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மணிக்கட்டிலோ முழங்கையிலோ குத்தும் வலி, விரல்களில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்துங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் திரும்பி வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியைத் தாங்கி வாசிப்பதில் வீரம் எதுவும் இல்லை; தசைநாண் அழற்சி வந்தால் பல மாதம் கிட்டாரைத் தொட முடியாமல் போகலாம்.

தினமும் எவ்வளவு நேரம்? எத்தனை நாளில் தெரியும்?

வேகத்துக்கு மட்டும் இருபது முதல் முப்பது நிமிடம், அதுவும் ஒரே மூச்சில் அல்ல. ஐந்து நிமிடம் ஒரு துண்டு, பிறகு வேறு எதையாவது வாசிப்பு, மறுபடி ஐந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்காருவதை விட இது மேல். நேற்று பிடிபடாத துண்டு இன்று காலையில் ஓடும் அனுபவம் வாத்தியம் வாசிக்கும் எல்லோருக்கும் உண்டு. தூக்கத்தில் கை கற்றதை மூளை பதித்துக்கொள்கிறது.

தந்தி மாற்றம் பிடிபட்டுவிட்டால் சில வாரங்களிலேயே எண்ணில் தெரியும். இரண்டு கைகளின் ஒத்திசைவுக்கு மாதங்கள் ஆகும். நாற்பது வயதில் தொடங்கினால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். நேரம் கிடைப்பதுதான் பிரச்சினை, விரல்கள் அல்ல.

நைலான் தந்தி கிட்டாரில் விரலால் வாசிக்கிறேன். இதெல்லாம் பொருந்துமா?

பிக் பற்றியவை பொருந்தாது. ஃப்ளமென்கோ வாசிப்பவர்களின் பிகாடோ முறையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி அடிக்கும். பாகோ டி லூசியா அதில் சிகரம். 1980 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் பிக் பிடித்த டி மியோலா, மெக்லாஃப்லின் இருவர் பக்கத்தில் விரலால் வாசித்தவர் அவர், வேகத்தில் கொஞ்சமும் பின்தங்கவில்லை. சிறு துண்டு, தந்தி மாற்றம், மூன்று காலம் ஆகியவை உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்கேலில் வேகம் வந்துவிட்டது. பாட்டில் உள்ள சோலோவை வாசித்தால் மறுபடி சிக்குகிறது.

சோலோக்கள் தந்திக்கு மூன்று என்று ஒழுங்காக ஓடுவதில்லை. ஒரு தந்தியில் நான்கு, அடுத்ததில் ஒன்று, திரும்பி மூன்று என்று வரும். அந்த ஒற்றை ஸ்வரம்தான் கையைக் கவிழ்க்கும்.

சிக்கும் இடத்தைத் தாளில் எழுதி, ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் டவுனா அப்பா என்று பென்சிலால் குறியுங்கள். தந்தி மாறும் இடங்களை வட்டமிடுங்கள். அவற்றில் எத்தனை உங்களுக்கு எளிதான ஸ்ட்ரோக்குக்குப் பிறகு விழுகின்றன என்று எண்ணுங்கள். விழாதவற்றுக்கு வழிகள் உண்டு: தொடக்க ஸ்ட்ரோக்கை மாற்றுவது, ஓர் இடத்தில் ஹாமரோ புல்-ஆஃபோ (இடது விரலால் தந்தியைச் சுண்டி எடுப்பது) சேர்ப்பது, அதே ஸ்வரத்தைப் பக்கத்துத் தந்தியில் எடுத்து எண்ணிக்கையை இரட்டைப்படை ஆக்குவது. உதாரணமாக, இரண்டாவது தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் இருக்கும் ஈ, மூன்றாவது தந்தியின் ஒன்பதாவது ஃபிரெட்டிலும் இருக்கிறது, திறந்த முதல் தந்தியிலும் இருக்கிறது. பதிவில் வாசித்தவர் எந்த இடத்தில் எடுத்தாரோ அதே இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் தன் கைக்குத் தோதாக அமைத்துக்கொண்டார். இணையத்தில் கிடைக்கும் டேப்கள் (எந்தத் தந்தி, எந்த ஃபிரெட் என்று காட்டும் குறிப்புகள்) பல சமயம் அவர் எடுத்த இடத்தைக்கூடச் சரியாகக் காட்டுவதில்லை. பென்சில் குறிகளோடு வட்டமிட்ட இடங்களை மட்டும் நான்கு ஸ்வரத் துண்டுகளாக வெட்டி எடுத்து, மேலே சொன்னபடி ஓட்டுங்கள்.